காலுக்கு ஒரு காலப்பிரமாணம்

(மயிலாடுதுறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சைக்கிள் மிதிக்கும்போது ஒரு நிமிடத்தில் நம் கால் எத்தனை சுற்று சுற்றுகிறது? உயரமானவரின் கால் ஒரு மாதிரியும் குட்டையானவரின் கால் வேறு மாதிரியும் சுற்றுமா? இதுதான் இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி. நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்கிற இந்தக் கணக்கை மிதிவேகம் என்று சொல்லிக்கொள்வோம். பந்தயச் சைக்கிள்காரர்கள் இதைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். நாம் பேசியதில்லை. ஆனால் இந்தக் கேள்வி அவர்களைவிட நம் மாவட்டத்துக்குத்தான் அதிகம் தேவை என்பது என் கட்சி.

காரணம் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06இல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. செம்பனார்கோயில் பக்கம், மணல்மேடு பக்கம், குத்தாலம் பக்கம் எங்கே போனாலும் காலை எட்டரை மணிக்குச் சாலையோரம் வரிசையாக அந்தச் சைக்கிள்கள்தான். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு மாடல், பெண் பிள்ளைகளுக்கு ஒரு மாடல். அளவு ஒன்று, பெடலைத் தாங்கும் கிராங்க் ஒன்று, பல் சக்கரம் ஒன்று. ஏறுகிற பிள்ளைகளோ ஒரே அளவு கிடையாது. ஒரே வகுப்பில் 145 செ.மீ. உயரப் பெண்ணும் இருப்பாள், 165 செ.மீ. உயரப் பெண்ணும் இருப்பாள்.

இந்தத் திட்டத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதினார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள் என்றும், முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் அவர் பதிவு செய்திருக்கிறார். கிடைத்த வண்டிக்குத் தங்களைப் பொருத்திக்கொண்டு அந்தப் பெண்கள் சாதித்தார்கள். அடுத்து வந்த தலைமுறைக்கு அரசாங்கமே வண்டி கொடுத்தது. அந்த வண்டி ஏறுகிறவளின் உடம்புக்குப் பொருந்துவதுதான் இனி நடக்க வேண்டியது.

முதலில் இயற்கையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சின்ன உடம்பு வேகமாக அடி வைக்கும், பெரிய உடம்பு மெதுவாக வைக்கும். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மகாதானத் தெருவில் நடக்கிற குழந்தையைப் பாருங்கள். அவர் ஓர் அடி வைப்பதற்குள் அது இரண்டு வைக்கும். 1974இல் ஹெக்லண்ட், டெய்லர், மெக்மஹான் என்ற மூன்று அறிவியலாளர்கள் சுண்டெலியிலிருந்து குதிரை வரை ஓட வைத்து, விலங்குகள் நிமிடத்துக்கு எத்தனை தடவை கால் எடுத்து வைக்கின்றன என்று அளந்தார்கள். எடை நூறு மடங்கு கூடினால் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது அவர்கள் கண்ட கணக்கின் சாரம். இதற்குக் காரணங்கள் உண்டு. தொங்குகிற கால் ஓர் ஊசல். ஊசல் நீண்டால் ஆட்டம் மெதுவாகும். நீளமான கனத்த காலை வேகமாக முன்னும் பின்னும் ஆட்டுவதற்கே தனிச் செலவு உண்டு. சின்ன விலங்கின் தசை சுருங்கும் வேகமும் அதிகம்.

இதை மனிதருக்குப் பொருத்தினால்? 45 கிலோ எடையுள்ளவரையும் 70 கிலோ எடையுள்ளவரையும் அதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் ஆறு சதவீதம்தான் வருகிறது. ஊசல் கணக்கில், 76 செ.மீ. காலுக்கும் 92 செ.மீ. காலுக்கும் பத்து சதவீதம். அதாவது பெரியவர் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், சிறியவர் 64லிருந்து 66 வரை மிதிக்க விரும்பலாம். அவ்வளவுதான். உடம்பின் அளவுக்கும் விரும்பும் மிதிவேகத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ஆனால் மெல்லிய தொடர்பு.

ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் இதைவிட எவ்வளவோ பெரியது. டென்மார்க்கில் ஏர்ன்ஸ்ட் ஆல்பின் ஹான்சன் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். இஷ்டம்போல மிதியுங்கள் என்று விட்டால் ஒருவர் 50 சுற்றில் மிதிப்பார், இன்னொருவர் 90ஐத் தாண்டி மிதிப்பார். ஆனால் அவரவர் எண்ணிக்கை வாரக்கணக்கில் பார்த்தாலும் பெரிதாக மாறுவதில்லை என்பது அவர் குழுவின் முடிவு. நரம்பு மண்டலத்துக்குள்ளேயே ஒரு தாளம் இருப்பதாக அவர்கள் கருதுகிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த இந்த மண்ணில் இதைப் புரியவைக்க ஆய்வுக்கட்டுரை வேண்டாம். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்வான்கள் இரண்டு காலப்பிரமாணத்தில் எடுப்பார்கள். எடுத்த காலப்பிரமாணத்தை விடாமல் காப்பார்கள். காலுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதை உயரத்தை வைத்து ஊகிக்க முடியாது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1997இல் வென்ற யான் உல்ரிக் 183 செ.மீ. உயரம்; பெரிய கியரைப் போட்டு அழுத்தி அழுத்தி மிதிப்பவர் என்று பெயர் வாங்கியவர். 2013 முதல் நான்கு முறை வென்ற கிறிஸ் ஃப்ரூம் 186 செ.மீ.; மலை ஏறும்போதும் கால் மின்விசிறிபோலச் சுழலும். ஏறக்குறைய ஒரே உயரம், நேர் எதிரான மிதி.

தேர்ந்த வீரர்களின் எண்கள் ஒரு வகையில் ஆச்சரியமானவை. அலெஹாந்த்ரோ லூசியா என்ற ஸ்பானிய உடலியல் அறிஞரின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை வீரர்கள் சமதளத்தில் சராசரி 89 சுற்றும், மலையேற்றத்தில் 71 சுற்றும் மிதித்தார்கள். ஆனால் குறைந்த சக்தி தேவைப்படும் சவாரியில் மூச்சுக்காற்றை அளந்து பார்த்தால், மிகக் குறைவாக ஆக்சிஜன் செலவாவது 50, 60 சுற்றில்தான். கோஸ்ட், வெல்ச் இருவரும் 1985இல் காட்டியது இது: 100 வாட் சக்திக்கு ஏறக்குறைய 50 சுற்று சிக்கனம், 300 வாட்டுக்குப் போனால் 80ஐ நெருங்க வேண்டும். அப்படியானால் சிக்கனமான வேகம் இருக்கும்போது வீரர் ஏன் அதைவிட வேகமாக மிதிக்கிறார்? பெடலில் ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்கும் அழுத்தம் குறைகிறது. தசை சோர்வது தள்ளிப்போகிறது. மூச்சில் கொஞ்சம் நஷ்டப்பட்டாலும் தொடையைக் காப்பாற்றிக்கொள்கிறார். ஜப்பானில் தகாயிஷியின் குழு தசையின் மின்துடிப்பை அளந்து, சோர்வு குறைவாக இருப்பது 80, 90 சுற்றின் பக்கம் என்று சொன்னது.

அதெல்லாம் கியர் மாற்றக்கூடியவர்களின் கதை. நம் சைக்கிளில் கியர் கிடையாது. ஒரே பல் சக்கரம். அதில் மிதிவேகத்தைக் கூட்ட ஒரே வழி வண்டியின் வேகத்தைக் கூட்டுவது. எதிர்காற்றில் வண்டி மெதுவானால், கால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மிதிவேகம் இறங்கும். ஆக, நம் பிள்ளைகளின் மிதிவேகத்தைத் தீர்மானித்தவர் அந்தப் பல் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தவர்.

நம்மூர் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் ஃபிரீவீலில் 18 பல் என்பது சாதாரணமாகக் காணும் கணக்கு. சிலவற்றில் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டரும் கொஞ்சமும். ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 5 மீட்டர் ஓடும். பள்ளிக்குப் போகிற பிள்ளை மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் போனால் மிதிவேகம் 43. தாத்தா காலத்து 28 அங்குலச் சக்கரமாக இருந்தால் 40தான். மேலே சொன்ன 50, 60 சுற்று என்ற சிக்கனமான வேகத்துக்கும் இது கீழே.

இந்த 5 மீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

செயின் வருவதற்கு முன்னால், 1870களில், முன்சக்கரம் ராட்சத அளவில் இருக்கும் சைக்கிள்தான் இங்கிலாந்தில் ஓடியது. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே நேராகப் பூட்டியிருக்கும். பெடல் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. வேகமாகப் போக வேண்டுமானால் பெரிய சக்கரம் வேண்டும். ஆனால் சக்கரத்தின் மேலே உட்கார்ந்து பெடல் எட்ட வேண்டும் அல்லவா? அதனால் எவ்வளவு பெரிய சக்கரம் என்பதை ஏறுகிறவரின் கால் நீளமே தீர்மானித்தது. கடைக்காரர் வாடிக்கையாளரின் காலை அளந்துதான் வண்டி விற்றார். குட்டையானவருக்கு 48 அங்குலம், நடுத்தரமானவருக்கு 52, 54, நல்ல உயரமானவருக்கு 60 அங்குலம். உடம்பின் அளவும் சக்கரத்தின் அளவும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்த காலம் அது.

1885இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள் அந்த ஒட்டை அறுத்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின். தலைகுப்புற விழும் ஆபத்து போயிற்று. பெண்களும் ஏற முடிந்தது. இன்றைக்கு நம் வாசலில் நிற்கும் சைக்கிள் அதன் நேர் வாரிசு. ஆனால் அதோடு வண்டி விற்பவர் காலை அளக்கும் வழக்கமும் போய்விட்டது. பல் சக்கரங்களைக் கொண்டு எந்தக் காலுக்கும் எந்தக் கணக்கையும் மாட்டிவிடலாம் என்றாயிற்று.

இப்போது நம் சைக்கிளை அந்தப் பழைய அளவில் சொல்லிப் பார்ப்போம். 44ஐ 18ஆல் வகுத்து 26 அங்குலத்தால் பெருக்கினால் 63க்கு மேல் வருகிறது. அதாவது, செம்பனார்கோயிலிலிருந்து மயிலாடுதுறைக்கு வருகிற 150 செ.மீ. உயரப் பெண், அந்தக் கால இங்கிலாந்தில் மிக உயரமான ஆண்பிள்ளைகூட ஏறத் தயங்கியிருக்கும் 63 அங்குலச் சக்கரத்தை மிதிக்கிறாள். அவள் காலை அளந்திருந்தால் அந்தக் கடைக்காரர் 48 அங்குலத்துக்கு மேல் கொடுத்திருக்க மாட்டார்.

பல் சக்கரம் முடிந்தது, கிராங்குக்கு வருவோம். நம் சைக்கிள்களில் கிராங்க் 16½ அல்லது 17 செ.மீ. நீளம் இருக்கும். பாதம் வரையும் வட்டம் எல்லோருக்கும் ஒரே அளவு. அமெரிக்காவில் ஜேம்ஸ் மார்ட்டினும் வானீன் ஸ்பிர்டூசோவும் 2001இல் ஒரு நல்ல சோதனை செய்தார்கள். 12 செ.மீ. முதல் 22 செ.மீ. வரை ஐந்து நீளங்களில் கிராங்க் மாட்டி, முழு மூச்சில் மிதிக்கச் சொன்னார்கள். கிடைத்த அதிகபட்ச சக்தியில் வித்தியாசம் சில சதவீதம்தான். ஆனால் அந்தச் சக்தி கிடைத்த மிதிவேகம் பெரிதும் மாறியது. மிகச் சிறிய கிராங்கில் 136 சுற்று, மிக நீளமானதில் 110 சுற்று. கால் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் நீளம் பொருத்தமாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன அளவு. 8 முதல் 11 வயதுப் பையன்களை வைத்தும் மார்ட்டின் பிறகு சோதித்தார். பெரியவர்களின் 17 செ.மீ. கிராங்கிலும் பையன்கள் சக்தியை இழக்கவில்லை. ஆனால் கால் நீளத்துக்கேற்ற சின்னக் கிராங்கில் அவர்கள் இன்னும் வேகமாகச் சுற்றினார்கள். குரங்குப் பெடல் போட்டு அப்பாவின் சைக்கிளை ஓட்டிய தலைமுறைக்கு முதல் பாதி தெரிந்த செய்திதான். இரண்டாவது பாதிதான் கவனிக்க வேண்டியது.

இதன் பொருளைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இயற்கையாக விட்டால் குட்டையானவருக்குச் சற்று வேகமான தாளம். ஆனால் குட்டைக் காலில் நீளக் கிராங்கை மாட்டினால், அதே ஒரு சுற்றுக்கு முழங்காலும் இடுப்பும் அதிகமாக மடங்கி நீள வேண்டும். தசை அதிக தூரம் சுருங்க வேண்டும். தசைக்கு ஒரு சுபாவம் உண்டு. ஏ.வி. ஹில் 1938இல் தவளைத் தசையில் கண்டது அது: சுருங்கும் வேகம் கூடக்கூட அது தரும் விசை குறையும், அதிகபட்ச வேகத்தின் மூன்றில் ஒரு பங்கில்தான் நல்ல சக்தி கிடைக்கும். நீளக் கிராங்கில் சுற்று ஒன்றுக்குத் தசையின் ஓட்டம் அதிகம் என்பதால் சுற்றுகளைக் குறைத்துக்கொண்டால்தான் அந்த நல்ல வேகத்தில் இருக்க முடியும். ஆக, வேகமாக மிதிக்கப் பிறந்த காலை ஒரே அளவுக் கிராங்க் மெதுவாக்குகிறது. பிறகு பெரிய பல் கணக்கு இன்னும் மெதுவாக்குகிறது. குட்டையானவர்கள் மெதுவாக, கஷ்டப்பட்டு மிதிப்பதைப் பார்த்துவிட்டு உடம்பில் தெம்பு இல்லை என்று சொல்லிவிடுகிறோம். தெம்பைப் பற்றிப் பேசுமுன் வண்டியை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

டெல்டாவில் இது ஏன் அதிகம் உறைக்கிறது? மலை இல்லாத ஊர் நம்முடையது. ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலங்களும்தான் மேடு. மேடு ஏறுவதில் சின்ன உடம்புக்கு லாபம். சுமக்க வேண்டிய சொந்த எடை குறைவு. ஆனால் சமதளத்தில் எதிரி காற்று. உடம்பு பாதியானால் சக்தியும் ஏறக்குறையப் பாதியாகும். காற்றை மறிக்கும் பரப்பு அந்த அளவுக்குக் குறையாது. 1987இல் டேவிட் ஸ்வெயினின் குழு அமெரிக்காவில் சாலையில் ஓட்ட வைத்து அளந்தபோது, சராசரி 84 கிலோ எடைக்காரர்கள் 59 கிலோக்காரர்களைவிட, ஒரே வேகத்தில், கிலோ ஒன்றுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக ஆக்சிஜன் செலவழித்தார்கள். சின்ன உடம்புக்கு லாபம் தரும் மேடு நம்மிடம் இல்லை. நஷ்டம் தரும் காற்று ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஆடியில் மேல்காற்று, கோடையில் பிற்பகலில் கடல்காற்று, மார்கழியில் வாடை. கடற்கரை ஊர்களிலிருந்து மேற்கே மயிலாடுதுறைக்கு வருகிற பிள்ளைக்கு ஆடிக்காற்று காலையில் நேர் எதிரே. கோடையில் சாயங்காலம் கிழக்கே திரும்பும்போது கடல்காற்று எதிரே.

ஆடி மாதத்தில் அந்தச் சாலையில் ஒரு பெண் வருவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பாள். பஸ் உரசிக்கொண்டு போகும் சாலையில் சட்டென்று இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டுமே. சீட் தாழ்ந்ததால் முழங்கால் முழுக்க நீளாது. மேலே வரும்போது ஹேண்டில்பாரை இடிக்கிற மாதிரி எழும்பும். கேரியரில் புத்தகப்பை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பாள். ஒவ்வொரு மிதிக்கும் தோள் அந்தப் பக்கம் சாயும். உடம்பின் எடையையே பெடல்மேல் தூக்கிப் போடுகிறாள். மிதி உச்சியில் ஒரு கணம் வண்டி நின்றேவிடும் போலிருக்கும். பெடல் கீழே போனதும் ஓர் இழுப்பு. பிறகு மறுபடி அந்தத் தயக்கம். அதே இடத்தில் பொறுமையாக எண்ணினால் நிமிடத்துக்கு முப்பது சுற்று தேறும்.

அவள் காலில் விழுகிற அழுத்தத்தைத் தோராயமாகக் கணக்கிட்டேன். பெண் 45 கிலோ, வண்டியும் பையும் சேர்ந்து 25 கிலோ. காற்றில்லாத நாளில் 13 கி.மீ. வேகத்தில் போக 40 வாட் அளவு சக்தி போதும். பெடலில் சராசரி அழுத்தம் ஐந்தரைக் கிலோ. எதிரே மணிக்கு 15 கி.மீ. காற்று அடித்தால் அதே வேகத்துக்கு 100 வாட் வேண்டும். சராசரி அழுத்தம் 14 கிலோ. ஒவ்வொரு மிதியிலும் உச்ச அழுத்தம் சராசரியைப்போல இரண்டு மடங்கை நெருங்கும். தன் எடையில் பாதிக்குமேல் ஒவ்வொரு மிதியிலும் இறக்க வேண்டும். முடியாது, அதனால்தான் வேகத்தை விட்டுக்கொடுக்கிறாள். ஆனால் வேகத்தை விட்டாலும் இந்த விகிதம் மாறாது. பெடலில் கால் ஓர் அடி நகர்ந்தால் வண்டி நாலே முக்கால் அடி நகர்கிறது. ஆகவே தரையிலும் காற்றிலும் உள்ள தடை எவ்வளவோ, அதன் நாலே முக்கால் மடங்கைக் கால் தாங்க வேண்டும். முழங்கால் மூட்டில் விழுகிற பளுவும் அதோடு சேர்ந்து கூடும். சீட் தாழ்ந்து முழங்கால் மடங்கியிருந்தால் இன்னும் கூடும்.

பின்னால் 18 பல் இருக்கும் ஃபிரீவீலை எடுத்துவிட்டு 22 பல் உள்ளதைப் போட்டால் என்ன ஆகும்? நாலே முக்கால், நாலுக்குக் கீழே இறங்கும். 14 கிலோ 11 ஆகும். 13 கி.மீ. வேகத்தில் மிதிவேகம் 43லிருந்து 52 ஆகும். சிக்கனமான வேகத்துக்குள் வந்துவிடுகிறாள். பழைய இங்கிலாந்து கணக்கில் 63 அங்குலச் சக்கரம் 52 ஆகிறது. உடம்பின் அளவால் விரும்பும் மிதிவேகத்தில் வரும் வித்தியாசம் ஆறு முதல் பத்து சதவீதம் என்று சொன்னேன். நான்கு பல் கூட்டினாலே 22 சதவீத மாற்றம் வந்துவிடுகிறது. உயரமோ, பிறவித் தாளமோ எதுவும் நம் கையில் இல்லை. பல் சக்கரம் நம் கையில் இருக்கிறது.

சைக்கிள் கடையில் இந்த வேலை பெரிய காரியமில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி, ஃபிரீவீலை மரை திருப்பி எடுத்து, புதியதை மரையில் ஏற்ற வேண்டும். பழையது துருப்பிடித்து இறுகியிருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு பல் கூடுவதால் பின்சக்கரத்தை அரை அங்குலம் முன்னே தள்ள வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் செயினில் ஒரு கண்ணி சேர்த்துக்கொள்ளலாம். கிராங்க் மாற்றுவது இதைவிடச் செலவு. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: பல் சக்கரத்தை மாற்றாமல் கிராங்கை மட்டும் சின்னதாக்கினால் பெடல் இன்னும் கனக்கும். 150 செ.மீ. உயரப் பெண்ணுக்கு ஏறக்குறைய 15 செ.மீ. கிராங்க் பொருந்தும்; அதை மாட்டுகிறபோது 22 பல்லும் கூடவே வர வேண்டும்.

பல் கூடினால் வண்டி வேகம் போகாதே என்று பையன்கள் கேட்பார்கள். 22 பல்லில் 70 சுற்று மிதித்தால் மணிக்கு 17 கி.மீ. போகலாம். பள்ளிக்கூடத்துக்கு அது தாராளம். இன்னும் வேகம் வேண்டும் என்கிற உயரமான, காற்றுக்கு அசையாத பிள்ளைக்கு 18 பல்லே இருக்கட்டும். எல்லோருக்கும் 22 போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிச் செய்தால் ஒரே அளவு என்ற பழைய பிழையையே வேறு எண்ணில் செய்ததாகும்.

சீட் விஷயத்தில் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் இருவரும் 1967இல் சொன்ன அளவு இன்றும் பயன்படுகிறது: கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட்டின் மேல்மட்டம் வரை, கால் உள்நீளத்தின் 109 சதவீதம். டேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இந்த உயரத்தில் உட்கார்ந்தால் தரையில் விரல் நுனிதான் படும். அதற்குப் பயப்படுகிற பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். சாலையோர மண் பாதையும் பஸ் விடும் இடைவெளியும் ஒழுங்காக இருந்தால் அவள் சீட்டைத் தானே உயர்த்திக்கொள்வாள். அதனால்தான், மிதிவேகத்தைப் பற்றிய பேச்சு நெடுஞ்சாலைத் துறையின் வாசலுக்கும் போக வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ., ஆண்களுடையது 165 செ.மீ. அளவு. நம் சைக்கிளின் வடிவக் கணக்கு வந்ததோ இங்கிலாந்திலிருந்து, அந்த ஊர் ஆண்களின் உடம்பை வைத்து. 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோது ஆங்கிலேயக் கூட்டாளியோடு சேர்ந்தே தொடங்கியது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்களெல்லாம் அங்கிருந்து வந்தவையே. அந்த வண்டிகள் உறுதியானவை. வயல்வரப்பிலும் மூட்டை சுமந்தும் மூன்று தலைமுறைக்கு உழைத்தவை. இரும்பையும் உறுதியையும் வாங்கிக்கொண்டோம். காலின் அளவை மட்டும் நம்மூரில் எடுத்திருக்க வேண்டும்.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. பள்ளிச் சைக்கிள்களின் பல் சக்கரத்தை மாநிலம் முழுவதும் மாற்றுவது பெரிய டெண்டர் விவகாரம். ஒரு சின்ன மாவட்டத்தில் செய்து பார்ப்பது சாத்தியம். இங்கே வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ஏற்கெனவே குறித்து வைக்கிறீர்கள். 10ஆம் வகுப்பு முடியும்போது அந்த உயரத்தை எடுத்து, சைக்கிள் கேட்டு அனுப்பும் பட்டியலில் ஒரு நிரல் சேருங்கள். 150 செ.மீ.க்குக் கீழே இருப்பவர்களுக்கு 22 பல், 160 வரை 20 பல், அதற்கு மேலே 18. வண்டி வந்து இறங்குகிற நாளில் ஒரு மெக்கானிக்கைப் பள்ளி மைதானத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, சீட்டை முறுக்கிக் கொடுங்கள். அடுத்த ஆடியில், காற்று அடிக்கிற ஒரு காலையில், பள்ளி வாசலில் நின்று புதிய வண்டிகளில் வருகிறவர்களின் மிதியை எண்ணிப் பாருங்கள். எனக்கும் தகவல் சொல்லுங்கள். எண்ணுவதற்கு நானும் வருகிறேன்.